நம் தோலில் அது சிவப்பாக வருவதில்லை

படர்தாமரை வந்தால் அரிக்கும். மருந்து போட்டால் அடங்கும், வெயில் காலத்தில் வேர்வையோடு திரும்ப வரும். நம் ஊரில் இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கு இடுப்பிலும் தொடையின் மேல்பக்கத்திலும் வந்த திட்டுகளில் அரிப்பே இல்லை. சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் வெளுத்து, ஓரம் எங்கே முடிகிறது என்று சரியாகத் தெரியாமல், சுரண்டினால் மெல்லிய பொடி உதிர்கிற மாதிரி இருந்தன. சில இடங்களில் தோல் மெலிந்து லேசாகச் சுருங்கியிருந்தது. பாவாடை நாடா உரசுகிற இடம், அதனால்தான் என்றார் அம்மா. தேமல் என்றார் சித்தி. மருந்துக்கடையில் சொன்னபோது, பார்க்காமலேயே ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார்கள். போட்டால் திட்டு மங்கும். நிறுத்தினால் அதே இடத்தில் வரும், பக்கத்தில் புதிதாகவும் வரும். இப்படியே சில ஆண்டுகள் ஓடின.

அவற்றுக்குக் கடைசியில் கிடைத்த பெயர் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ். தோலில் தொடங்கும் லிம்ஃபோமா வகைகளில் ஒன்று, அதாவது நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய். நம் வெள்ளையணுக்களில் டி செல் என்று ஒரு வகை உண்டு. அவற்றில் சில தோலுக்கென்றே பழகியவை. தோலுக்குள் போவதும் வருவதும் கிருமி இருந்தால் எதிர்ப்பதும் அவற்றின் வேலை. அப்படிப்பட்ட ஒரு செல் தடம் மாறிப் பெருகத் தொடங்கினால் இந்த நோய் வருகிறது. தோலில் வரும் லிம்ஃபோமாக்களில் இதுதான் அதிகம். ஆனாலும் மொத்தத்தில் மிக அரிது: அமெரிக்கக் கணக்குப்படி தோலின் டி செல் லிம்ஃபோமாக்கள் எல்லாம் சேர்ந்தே, பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஆறு முதல் பத்துப் பேர் அளவுக்குத்தான் புதிதாக வருகின்றன. தொட்டால் ஒட்டாது. சாப்பாட்டால் வருவதில்லை.

என் போன்ற மாநிறத் தோலில் இது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அப்புறம், புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் "மெதுவாகப் போகலாம், மென்மையான சிகிச்சை போதும்" என்ற மருத்துவரை ஏன் நம்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த நோயில் அந்த இரண்டும்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

அந்த ட்யூபைப் பற்றி முதலில். நம் ஊரில் படர்தாமரைக்கு என்று கொடுக்கப்படும் களிம்புகள் பலவற்றில் மூன்று, நான்கு மருந்துகள் கலந்திருக்கும். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே க்ளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. ஸ்டீராய்டு தோலில் உள்ள டி செல்களை அடக்கிவிடும். அதனால் எந்தத் திட்டாக இருந்தாலும் சில நாளில் மங்கும், நமக்கும் சரியாகிவிட்டது போலத் தோன்றும். இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் இதற்கு எதிராகக் குரல் கொடுத்த பிறகு, 2018இல் மத்திய அரசு இந்த வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கும் கடையில் கேட்டால் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது. சாதாரணப் படர்தாமரையையே அது அடையாளம் தெரியாமல் உருமாற்றி, உடம்பெல்லாம் பரப்பிவிடுகிறது. அரிதான லிம்ஃபோமா அதற்கு அடியில் ஒளிந்துகொண்டால் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். எனக்கு இந்த விஷயத்தில் இன்னும் கோபம் தீரவில்லை.

மேலைநாட்டுப் பாடநூல்களில் இந்த நோயின் முதல் கட்டம் சிவந்த திட்டு என்று இருக்கும். வெள்ளைத் தோலில் அப்படித்தான். கறுத்த, மாநிறத் தோலில், அதிலும் குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் வரும்போது, அது பெரும்பாலும் வெளிறிய திட்டாக வருகிறது. நோய்ச் செல்கள் தோலின் நிறமிச் செல்களுடைய வேலையைக் குலைப்பதால் இப்படி ஆகிறது என்று கருதுகிறார்கள். இந்த வெளிறும் வகை இந்தியர்களிடமும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் அதிகம். இதில் நல்ல செய்தி ஒன்று உண்டு: வெளிறும் வகை பொதுவாக மெதுவாகப் போகும், சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும்.

ஆனால் வெளிறிய திட்டு என்றால் நம் ஊரில் எத்தனை பேர் அதற்கு உரிமை கொண்டாடுவார்கள்! தேமல், குழந்தைகளுக்கு முகத்தில் வரும் வறண்ட வெளுப்பு, வெண்புள்ளி, கரப்பான் ஆறிய தழும்பு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தொழுநோய். செங்கல்பட்டுத் திருமணியிலும் வேலூர் கரிகிரியிலும் தொழுநோய்க்கென்றே பெரிய ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கிற மாநிலம் இது. "உணர்ச்சியற்ற தேமல்" என்ற சொற்களை ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் படித்துத்தான் வளர்ந்திருக்கிறோம். அந்தப் பிரசாரம் எத்தனையோ கைகளையும் கால்களையும் காப்பாற்றியிருக்கிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெளிறிய திட்டோடு போகிற பெண்ணின் மனதில் முதலில் வருவதும் அந்தப் பயம்தான். அதனாலேயே காட்டாமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இந்த லிம்ஃபோமாவைத் தொழுநோய் என்று நினைத்து, அதற்கான கூட்டு மருந்தை மாதக்கணக்கில் கொடுத்த நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

நான் கடைசியில் போய்ச் சேர்ந்தது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவுக்கு. அங்கே என்னைப் பார்த்த மருத்துவர் இடுப்பை மட்டும் காட்டியதோடு என்னை விடவில்லை. திரைக்குப் பின்னால் அழைத்துப் போய், செவிலியரைப் பக்கத்தில் நிற்கவைத்து, "புடவையோட இருந்தா எனக்குப் பாதிதான்மா தெரியும். எல்லா இடத்தையும் பாக்கணும்" என்றார். மார்பகத்தின் அடியிலும் பிட்டத்திலும் எனக்கே தெரியாத திட்டுகள் இருந்தன.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்த நோய்க்குப் பிடித்த இடங்கள் வெயில் படாத இடங்கள். இடுப்பு, பிட்டம், தொடையின் உள்பக்கம், அக்குள், மார்பகத்தின் அடி. நீச்சலுடை மறைக்கும் பகுதி என்று ஆங்கிலப் புத்தகங்களில் எழுதியிருக்கும். நம் வழக்கத்தில் இவை கணவருக்குக்கூட வெளிச்சத்தில் காட்டாத இடங்கள். ஓ.பி.யில் வரிசை நீண்டிருக்கும், அறையில் நாலைந்து பேர் இருப்பார்கள், ஆண் மருத்துவராக இருந்தால் முந்தானையை விலக்கி ஒரு திட்டைக் காட்டுவதோடு முடிந்துவிடும். நான் முன்பு பார்த்த இடங்களில் எல்லாம் அப்படித்தான் முடிந்தது. ஒரே ஒரு திட்டைப் பார்த்து இந்த நோயைச் சந்தேகிக்க யாராலும் முடியாது. திட்டுகள் எங்கெல்லாம் இருக்கின்றன, எந்த இடங்களை விட்டுவைத்திருக்கின்றன என்று மொத்தமாகப் பார்த்தால்தான் சந்தேகமே வரும். ஆண்களும் இதில் விதிவிலக்கில்லை, கைலிக்குள் இருப்பதைக் கைலிக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் அதிகம். தோலைப் பார்க்க ஒரு திரையும் நல்ல வெளிச்சமும் பத்து நிமிடமும் பெண் நோயாளிக்குத் துணையாக ஒரு பெண்ணும் வேண்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

அப்புறம் அவர் தொழுநோய்க்குப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் திட்டின் மேலும் வெளியிலும் தொட்டு, "எங்க தொடுறேன்னு விரலால காட்டுங்க" என்றார். எல்லா இடத்தையும் சரியாகக் காட்டினேன். முழங்கையின் பின்னால் ஓடும் நரம்பைத் தடவிப் பார்த்தார், தடித்திருக்கவில்லை. திட்டில் முடி உதிரவில்லை, வேர்க்காமல் வறண்டும் போகவில்லை. தேமலா என்று பார்க்கப் பொடியைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் வைத்தார்கள், பூஞ்சை இல்லை. வெண்புள்ளி என்றால் பால் வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருக்கும். இது அப்படியும் இல்லை.

"எல்லா ஆயின்ட்மென்ட்டையும் நிறுத்துங்க. நாலு வாரம் தேங்காய் எண்ணெய் மட்டும் தடவுங்க. அப்புறம் சதை எடுத்துப் பாக்கலாம்" என்றார். ஸ்டீராய்டு தடவிய தோலில் சதை எடுத்தால், தேடுகிற செல்கள் அடங்கிப்போய் ரிப்போர்ட் ஒன்றும் சொல்லாது. அந்த நான்கு வாரத்தில் திட்டுகள் முன்பைவிட நன்றாகத் தெரிய ஆரம்பித்தன. பார்க்கப் பயமாக இருந்தாலும், அவருக்கு வேண்டியது அதுதான்.

பஞ்ச் பயாப்ஸி என்பது சின்ன வேலை. மரத்துப்போக ஊசி போட்டு, 4 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியால் தோலின் முழு ஆழத்துக்கும் சதை எடுத்து, ஒரு தையல் போடுவார்கள். வேறு வேறு திட்டுகளில் இருந்து எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்தது: நாள்பட்ட தோல் அழற்சி, குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. மருத்துவர் மட்டும் என் ஃபைலை மூடவில்லை. "இந்த ரிப்போர்ட் நோய் இல்லைன்னு சொல்லலம்மா. இப்ப தெரியலைன்னுதான் சொல்லுது. சில மாசம் கழிச்சு மறுபடி எடுக்கலாம்." அந்த மூன்று வாக்கியங்களுக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இந்த நோயின் தொடக்கத்தில் பயாப்ஸி இப்படித் தெளிவில்லாமல் வருவது சகஜம். அறிகுறி தொடங்கி நோயின் பெயர் தெரிய மூன்று, நான்கு ஆண்டுகள் ஆவது எல்லா வசதியும் உள்ள ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும்கூட வழக்கமாக இருக்கிறது. ஒரே மருத்துவர் அல்லது ஒரே துறை, அதே தோலைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் இதற்கு வழி. நாம் ரிப்போர்ட் நார்மல் என்றதும் மருத்துவமனையை மாற்றிவிடுகிறோம். அடுத்த இடத்தில் முதலில் இருந்து தொடங்குகிறார்கள், திரும்பவும் ஒரு ட்யூபில் இருந்து.

இரண்டாம் முறை எடுத்த சதையில் விடை இருந்தது. நோயியல் மருத்துவர் என்ன பார்த்தார் என்று என் மருத்துவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். கரப்பானிலும் டி செல்கள் தோலின் மேலடுக்குக்குள் வரும், ஆனால் கூடவே நீர் கோத்து அந்த அடுக்கு ஊதிப்போய் இருக்கும். இங்கே அந்த ஊதல் இல்லை. செல்கள் மேலடுக்கின் அடிவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன, சில மேலே ஏறிச் சின்னக் கூட்டமாகச் சேர்ந்திருந்தன. அவற்றின் உட்கரு மூளை மடிப்புகள் போலச் சுருங்கியிருந்தது. அடுத்து சிறப்புச் சாயங்கள். சிடி3, சிடி4, சிடி8, சிடி7 என்று செல்லின் மேற்பரப்பில் உள்ள அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். நல்ல டி செல்லில் இருக்க வேண்டிய சிடி7 என் செல்களில் காணாமல் போயிருந்தது. வழக்கமான மைகோசிஸ் ஃபங்காய்டிஸில் சிடி4 செல்கள் மிகுந்திருக்கும், வெளிறும் வகையில் பல நேரம் சிடி8. என்னுடையது சிடி8.

கடைசியாக மரபணுச் சோதனை. ஒவ்வொரு டி செல்லும், கிருமியை அடையாளம் காண அதன் மேல் இருக்கும் ஏற்பிக்கான மரபணுவைத் தனக்கென்று ஒரு வரிசையில் அடுக்கிக்கொள்கிறது. சாதாரண அழற்சியில் நூற்றுக்கணக்கான வெவ்வேறு வரிசைகள் கலந்து வரும். ஒரே செல்லின் வாரிசுகள் பெருகியிருந்தால் ஒரே வரிசை மேலோங்கித் தெரியும். என் சதையில் அப்படித் தெரிந்தது. ஆனால் இந்தச் சோதனை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றும் மருத்துவர் சொன்னார். தொடக்க நிலை நோயில் சில சமயம் ஒற்றை வரிசை பிடிபடாது, புற்றுநோயே இல்லாத சில அழற்சிகளிலும் தென்படும். நுண்ணோக்கியில் வைக்கும் கண்ணாடி வில்லையை மட்டும் பார்ப்பவர் சொல்ல முடியாததை, என் திட்டுகளின் படங்களையும் வில்லையையும் சேர்த்து வைத்து இரு துறையினரும் பேசியபோதுதான் சொல்ல முடிந்தது.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். வந்த படங்களைப் பார்த்து அன்றிரவு தூங்கவில்லை. முகமெல்லாம் கட்டி, புண், சிதைவு. அந்தப் படங்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பது பிறகுதான் தெரிந்தது. 1806இல் பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் ழான் லூயி அலிபெர் என்ற மருத்துவர், உடம்பில் காளான் போன்ற கட்டிகளோடு வந்த ஒருவரைப் பற்றி எழுதினார். நோயின் பெயர் அந்தத் தோற்றத்தில் இருந்து வந்தது, பூஞ்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்தில் மருத்துவமனைக்கு வந்தவர்கள் முற்றிய பிறகுதான் வந்தார்கள். 1870இல் எர்னஸ்ட் பாசன் என்ற இன்னொரு பிரெஞ்சு மருத்துவர்தான் இதைத் திட்டு, தடிப்பு, கட்டி என்று மூன்று கட்டங்களாகப் பிரித்துச் சொன்னார். ஒரு கட்டத்தில் இருந்து அடுத்ததற்குப் போகப் பல ஆண்டுகள், சிலருக்குப் பத்தாண்டுகள் ஆகும். மிகப் பலர் முதல் கட்டத்தைத் தாண்டுவதே இல்லை. ஆனால் படங்களில் மேலே வருவது என்னவோ மூன்றாம் கட்டம்தான்.

புற்றுநோய் என்ற சொல் வீட்டுக்குள் வந்ததும் எல்லாரும் அவசரப்பட்டார்கள். பெரிய மாமா சென்னையில் யார் யாரையோ விசாரித்துவிட்டு, "கீமோ ஆரம்பிக்காம என்ன வெளிச்சம் காட்டுறேன்னு சொல்றாங்க? வேற இடம் பாரும்மா" என்றார். பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், எலும்பு மஜ்ஜை பார்க்கச் சொன்னார்கள். எல்லாம் பாசம்தான். நானும் என் கணவரும் அந்தக் கேள்விகளை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் சளைக்காமல் பதில் சொன்னார்.

முதலில் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது. விரல்களோடு சேர்ந்த நம் உள்ளங்கை, உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். என் கையை வைத்தே திட்டுகளை அளந்தார், மொத்தம் 10 சதவீதத்துக்குள் அடங்கியது. தடிப்போ கட்டியோ இல்லை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறி கட்டவில்லை. ரத்தத்தில் அந்தச் செல்கள் இல்லை. இதற்கு 1ஏ நிலை என்று பெயர். இந்த நிலைக்கு மஜ்ஜைப் பரிசோதனை தேவையில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 1ஏ நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் ஆயுள் அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளுக்குச் சமமாகவே இருந்தது.

அடுத்தது கீமோ. இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 103 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆரம்பத்திலேயே உடல் முழுக்க எலெக்ட்ரான் கதிர்வீச்சும் நான்கு மருந்துக் கீமோவும். மறு பிரிவுக்குத் தோலில் தடவும் மருந்தில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் படிப்படியாக மேலே போகும் சிகிச்சை. 1989இல் முடிவு வெளிவந்தது. கடும் சிகிச்சை பெற்றவர்களில் 38 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும் நோய் முழுக்க மறைந்தது. ஆனால் மறைந்தது நிலைக்கவில்லை. எத்தனை பேர் எவ்வளவு காலம் வாழ்ந்தார்கள் என்று பார்த்தால் இரு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. முடி கொட்டி, ரத்த அணுக்கள் குறைந்து, கிருமித் தொற்றில் படுத்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு உலகமெங்கும் தொடக்க நிலைக்குத் தோலோடு நிற்கும் சிகிச்சைதான் வழக்கம்.

"உங்களுக்குக் கீமோ குடுக்கிறது எனக்கு ஈஸிம்மா. கேக்கிறவங்களும் திருப்தி ஆயிடுவாங்க. உங்க உடம்புக்குத்தான் நல்லதில்ல" என்றார். மாமாவிடம் நானே அந்த ஆய்வைப் பற்றி உட்கார்ந்து விளக்கினேன். அவர் முழுசாக ஒப்புக்கொண்டாரா தெரியாது, ஆனால் அப்புறம் வற்புறுத்தவில்லை.

என் சிகிச்சை வெளிச்சம். நேரோபேண்ட் யுவிபி என்று பெயர், 311 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய புற ஊதாக் கதிர். நீளமான ட்யூப் லைட்டுகள் சுற்றிலும் பொருத்திய ஆளுயரப் பெட்டி. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, உடையில்லாமல் உள்ளே நிற்க வேண்டும். முதலில் சில விநாடிகள், பிறகு தோல் தாங்கத் தாங்க நேரத்தைக் கூட்டுவார்கள். வாரத்துக்கு மூன்று நாள். இந்தக் கதிர் தோலின் மேலடுக்கில் உள்ள டி செல்களைச் சாகவைக்கிறது. மேலாகவே நிற்கும் திட்டு நிலைக்கு இது போதும், தடிப்பாகிவிட்டால் ஆழம் பத்தாது. சிவந்தால் அளவைக் குறைப்போம் என்று வழிகாட்டிகளில் இருக்கும். என் நிறத்தில் சிவப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் அங்கிருந்த டெக்னீஷியன் அக்கா ஒவ்வொரு முறையும், "நேத்து ராத்திரி எரிஞ்சுதா? புடவை பட்டா வலிச்சுதா?" என்று கேட்டுத்தான் அளவை முடிவு செய்வார்.

வெளியே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் வருகிறவர்கள். அதே பெட்டி, அதே வெளிச்சம். இதில் நம் நாட்டு மருந்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆழமான தடிப்புகளுக்கு சோரலென் என்ற மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரில் நிற்கும் முறை இருக்கிறது. 1974இல் சொரியாசிஸுக்கு வந்து, 1976இல் இந்த லிம்ஃபோமாவுக்கும் நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்தது. அந்த சோரலென் நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கார்போகரிசியில் இருக்கிறது. வெண்புள்ளிக்கு அதை அரைத்துப் பூசி வெயில் காட்டுவது நம்மிடம் பழைய வைத்தியம். எகிப்தில் நைல் கரையோரச் செடி ஒன்றை இதே வேலைக்கு வைத்திருந்தார்கள். இதைக் கேட்டுவிட்டு யாரும் கார்போகரிசியை வாங்கி அரைக்க வேண்டாம். அளவில்லாமல் பூசி வெயிலில் நின்றால் கொப்புளம் போட்டுத் தோல் வெந்துவிடும், மாத்திரை முறையிலேயே அன்று முழுக்கக் கண்ணையும் தோலையும் வெயிலில் இருந்து காக்க வேண்டியிருக்கிறது.

சில வாரங்களில் திட்டுகளுக்கு நடுவே, முடிக்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் வந்தன. அவை பெரிதாகி ஒன்றோடொன்று சேர்ந்தன. வெள்ளைத் தோலில் குணமாவது சிவப்பு மறைவது, எங்களுக்குக் குணமாவது நிறம் திரும்புவது. என் இடுப்பு என் நிறத்துக்கே வந்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத எனக்கு வரவில்லை. உடனே நிறுத்தவில்லை. வாரம் இரண்டு, பிறகு ஒன்று என்று மாதக்கணக்கில் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அப்படியும் பிட்ட மடிப்பில் திரும்ப வந்தது. வெளிச்சம் நுழையாத மடிப்புகளில் இப்படித் தங்கிவிடுமாம். அந்த இடத்துக்கு மட்டும் மருத்துவர் எழுதிக் கொடுத்தது க்ளோபெட்டசால். ஆம், கடையில் கொடுத்த ட்யூபில் இருந்த அதே ஸ்டீராய்டுதான், கலப்பில்லாமல், இத்தனை வாரம் இவ்வளவு என்ற கணக்கோடு. தொடக்க நிலைத் திட்டுகளுக்கு அது அங்கீகரிக்கப்பட்ட நல்ல மருந்து.

முற்றியவர்களுக்கு இந்த அளவு போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டிகள் வந்தவர்களும், உடல் முழுக்கச் சிவந்து, ரத்தத்திலும் இந்தச் செல்கள் நிறைந்தவர்களும் உண்டு. ரத்தத்திலும் நிறையும் அந்த வகைக்கு, 1938இல் அதை விவரித்த ஆல்பெர் செசாரியின் பெயர் வைத்திருக்கிறார்கள், அவரும் பிரெஞ்சு மருத்துவர்தான். அவர்களுக்கு அரிப்பே பெரிய சித்திரவதை. தோல் உடைந்து உள்ளே போகும் கிருமித் தொற்றுதான் உயிருக்கு ஆபத்து. அவர்களுக்கென்று உடல் முழுவதுக்குமான எலெக்ட்ரான் கதிர்வீச்சு இருக்கிறது. முன்பு 30, 36 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்ததை இப்போது 12 கிரே அளவிலும் கொடுக்கிறார்கள். ரத்தத்தை வெளியே எடுத்து, வெள்ளையணுக்களுக்கு சோரலென் கலந்து யுவிஏ காட்டித் திரும்ப ஏற்றும் முறையை ரிச்சர்ட் எடல்சன் குழு 1987இல் வெளியிட்டது. பிரென்டக்சிமாப், மொகாமுலிசுமாப் போன்ற எதிர்ப்புரத மருந்துகள் 2017, 2018இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றன. சிலருக்கு வேறொருவரின் ஸ்டெம் செல் மாற்றும் சிகிச்சை. எல்லாமே செலவு பிடிப்பவை, பெரிய மையங்களுக்கு மட்டுமே உரியவை. நம் ஊரில் இந்த நோயை வெளிறிய திட்டாக இருக்கும்போதே பிடிப்பது ஏன் முக்கியம் என்றால், அந்தக் கட்டத்துக்கான சிகிச்சை மட்டும்தான் ஒரு மாவட்டத் தலைநகரிலேயே, பஸ் டிக்கெட் செலவில் முடிகிற சிகிச்சை.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். அதே திரை, அதே வெளிச்சம், தலை முதல் கால் வரை பார்க்கிறார்கள். நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்கள். புதிதாகத் தடிப்போ, ஆறாத புண்ணோ வந்தால் அந்த நாளுக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போன முறை முதுகலை மாணவி ஒருவர் சம்மதப் படிவத்தோடு வந்தார். மாநிறத் தோலில் இந்த நோயின் படங்கள் குறைவாக இருப்பதால், முகம் வராமல் என் படங்களை வகுப்பில் காட்டலாமா என்று தயங்கிக் கேட்டார். கையெழுத்துப் போட்டேன். சிகிச்சைக்கு முன் எடுத்த படமும் நிறம் திரும்பிய படமும் அவர்களிடம் இருந்தன. ஸ்டீராய்டு ட்யூப் போட்டுப் பாதி மங்கியிருந்த காலத்தில் நானே எடுத்த படம் ஒன்று என் போனில் இருந்தது. அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். ஓ.பி.க்கு வருகிறவர்களின் திட்டு பெரும்பாலும் அந்தக் கோலத்தில்தான் இருக்கும்.